டிங்கோவின் மூன்றடி

எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டால் என்ன காரணம் என்று யாரும் கேட்பதில்லை. யார் பனியை யார் பக்கம் தள்ளினார்கள் என்றுதான் கேட்பார்கள். பெரிய ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் இது. நவம்பரில் ஏரிக்காற்று பனியைக் கொட்ட ஆரம்பித்தால் ஏப்ரல் போனாலும் ஓயாது. வாரிய பனியை எங்காவது போட்டாக வேண்டும். வானத்துக்கா திருப்பி அனுப்ப முடியும்? செம்புச் சுரங்கக் கம்பெனி பிரித்துக் கொடுத்த மனைகள் வேறு ஒடுக்கம். ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை நான் ரொம்ப வருஷம் ஓட்டினேன். "இம்பி வந்தா, வாசலை அடைச்சிட்டுப் போய்ட்டா" என்று என்னைத் திட்டாத வீடு இந்தத் தெருவில் கிடையாது. அதனால் பனி விஷயத்தில் நான் சொன்னால் நீங்கள் நம்பலாம்.

எனக்கு எதிர்வீடு ரெய்னோவும் ஐலியும். ரெய்னோ மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தவன். வெட்டிய மரம் ஒன்று உருண்டு இடுப்பில் ஏறியதிலிருந்து இரண்டு கோல்கள்தான் அவனுக்குக் கால். குளிர்காலத்தில் அந்த இடுப்பு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கிற சாவி ஒன்றே ஒன்று: சவுனா. பின்கட்டில் ஒரு மரக் கொட்டகை, உள்ளே விறகு அடுப்பு, அடுப்பின்மேல் கற்கள், கற்கள்மேல் ஒரு கரண்டித் தண்ணீர். அந்த ஆவியில் அரைமணி உட்கார்ந்து வந்தானானால் ரெய்னோ ஒற்றைக் கோலோடு நடப்பான், பாட்டு வேறு பாடுவான். அந்தப் பாட்டைக் கேட்பதற்கு அவன் நொண்டிக்கொண்டே இருக்கலாம் என்று நான் சொல்வேன். ஐலி என்னை முறைப்பாள்.

போன மார்ச்சில் பனியின் பாரம் தாங்காமல் பழைய சவுனா உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கோடை முழுக்க இருவரும் புதியது கட்டினார்கள். ரெய்னோ ஸ்டூலில் உட்கார்ந்து ஆணி அடிப்பான், ஐலி பலகை தூக்குவாள். தேவதாருப் பலகை வாசனை என் வீட்டுச் சமையலறைவரை வந்தது. ஊராட்சியில் முறைப்படி அனுமதி வாங்கித்தான் கட்டினார்கள். அடுப்பு வைத்த கொட்டகை பக்கத்து மனை எல்லையிலிருந்து பத்தடி தள்ளி இருக்கவேண்டும் என்பது இங்கே விதி. ஐலியே நாடாவைப் பிடித்து வேலியிலிருந்து பத்தடி அளந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விரற்கடை கூடவே விட்டாள்.

அக்டோபர் கடைசியில் க்ளைட் ட்ரெலோர் கட்டியதைக் கடைசியாகச் சரிபார்க்க வந்தான். ஊராட்சியின் கட்டட விதி அதிகாரி அவன். சொந்தத் தங்கையின் கோழிக்கூட்டையே தள்ளி வைக்கச் சொன்னவன். நான் காபி குடிக்கிற சாக்கில் அங்கேதான் இருந்தேன். க்ளைட் கதவைத் திறந்து பார்த்தான், புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தான், பலகையைத் தடவினான்.

"ரொம்ப அழகா கட்டிருக்கே ரெய்னோ."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்தைப் போடு. இன்னிக்கே மூட்டிடலாம். முதல் சூடு உனக்குத்தான்."

க்ளைட் திரும்பினான். பக்கத்து மனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே புல்லுக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கொடிகள் நட்டிருந்தன. அந்த வீட்டில் இருந்த டிங்கோ குரூபிஷா இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். சவுனா கட்டி முடிந்த பிறகு வீட்டைப் புதிதாக வாங்கியவள் கோரின் என்ற பெண். தெற்கே இருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாங்கும்போது மனையை அளக்க வைத்திருந்தாள். ஒரு கொடி வேலிக்கு அந்தப் பக்கம் இல்லை, வேலி ஓரத்திலும் இல்லை. இந்தப் பக்கம், ஐலி புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடிப் பாத்தி தாண்டி நின்றது.

க்ளைட் முட்டி போட்டு மண்ணைத் துழாவினான். இரும்பு முளை ஒன்று தட்டுப்பட்டது. கம்பெனி காலத்து முளை.

"ரெய்னோ, எல்லை இங்க இருக்குப்பா. வேலி எல்லை இல்ல. வேலி மூணடி அந்தப் பக்கம் தள்ளி நிக்குது."

"என்ன உளர்ற? நாங்க வந்த நாளா வேலி அங்கதான் நிக்குது."

"வேலி எங்க வேணா நிக்கும். முளை இங்கதானே நிக்குது. உன் கொட்டகை எல்லைக்கு ஏழடியிலதான் இருக்கு."

ஐலி இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டிகளை அடுப்பிலிருந்து எடுத்த கைத்துணியோடு ஓடி வந்தாள். "நாடாவ நான்தான் பிடிச்சேன் க்ளைட். பத்தடி. சாமி சத்தியமா பத்தடி."

"நாடா பொய் சொல்லல ஐலி. வேலிதான் சொல்லிருச்சு." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அடுப்பு மூட்டக் கூடாது. மன்னிச்சுக்க."

அவனை அன்று நான் மனதாரத் திட்டினேன். ஆனால் அந்த விதி சும்மா வந்ததில்லை என்று எனக்கும் தெரியும். சுரங்கக் காலத்தில் ஒரு சவுனா பற்றிக்கொண்டு இந்தத் தெருவின் ஒரு வரிசையே எரிந்துபோனது. அதில் க்ளைட்டின் தாத்தா வீடும் ஒன்று.

க்ளைட் போன பிறகு ஐலியின் கோபம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. "அந்தத் தெக்கத்திக்காரிதான் மாட்டி விட்டிருக்கா. வந்ததும் வராததுமா கொடி நட்டவ இல்ல?" அன்றைக்குக் கோரினுக்காகத் தட்டில் மூடி வைத்திருந்த பேஸ்டியை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாள். இறைச்சியும் கிழங்கும் சரியாக வெந்த பேஸ்டி. நான் எதற்கு அநியாயம் பேசவேண்டும், சாப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் கோரின் தானாகவே வந்து கதவைத் தட்டினாள். ஐலி பாதிதான் திறந்தாள்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலங்க. வீட்டுக் கடன் குடுத்த பேங்குக்காரங்க அளக்கச் சொன்னாங்க, அளந்தேன். அவ்வளவுதான். அந்த மூணடிய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேணாம். எழுதிக் குடுத்துடறேன்."

கோபத்தைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்கும்போது எதிராளி இப்படிப் பேசினால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கதவு முழுசாகத் திறந்தது. ஆனால் க்ளைட்டிடம் கேட்டபோது அதுவும் நடக்கவில்லை. கோரினின் மனையே குறுகல், அதில் மூன்றடி போனால் வீடு கட்டத் தகுந்த அகலம் இல்லாத மனையாகிவிடும், ஊராட்சி ஒப்புக்கொள்ளாது.

"தானமா குடுக்கறதுக்குக்கூட விதியாடா?" என்று கேட்டேன்.

"ஆமா இம்பி, இருக்கு," என்றான் க்ளைட். அவன் முகத்தைப் பார்த்தால் அந்தப் பதிலைச் சொல்ல அவனுக்கே பிடிக்கவில்லை.

விதிவிலக்குக் கேட்டு மனு போட்டார்கள். விசாரணைக் குழு கூட மூன்று வாரம் ஆகும். அதற்குள் பனி வந்துவிட்டது. ரெய்னோவின் இடுப்பு பூட்டிக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு எழுந்து உட்காரவே ஐலி தாங்கவேண்டியிருந்தது. சமையலறையில் நாற்காலி போட்டு, வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்துப் பார்த்தாள். அடுத்த துணியை நனைப்பதற்குள் வைத்த துணி ஆறிவிடும். எங்கள் வீட்டு சவுனா நிலவறையில் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் நானும் ஐலியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனைப் படியில் இறக்கினோம். பாதிப் படியில் கால் வரவில்லை. மேலே ஏறவும் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நெற்றியில் வியர்வை, சூட்டினால் வந்த வியர்வை இல்லை. எப்போதும் ஏதாவது கேலி பேசுகிற மனுஷன், சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனி வேணாம் இம்பி. என்னை மூட்டை மாதிரி தூக்க வேணாம்," என்றான். ஐலி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. விறகு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

விசாரணை ஊராட்சிக் கூடத்தில் நடந்தது. அங்கே நல்லது கெட்டது எதுவானாலும் காபியும் ஏலக்காய் ரொட்டியும் உண்டு. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள்தான், அன்றைக்கு மட்டும் தெரியாதவர்கள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்கள். கோரின் எழுந்து தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, கொட்டகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னாள். ஐலி எழுந்தாள்.

"நாங்க திருட்டுத்தனமா கட்டல. அனுமதி வாங்கினோம், அளந்து கட்டினோம். என் வீட்டுக்காரருக்கு வேற வைத்தியம் கிடையாது. மூணடிக்காக ஒரு மனுஷன் குளிர்காலம் பூரா கட்டில்ல கிடக்கணுமா?"

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சர்ச் பள்ளியில் ஐலியோடு ஒரே பெஞ்சில் படித்தவள் அவள். "ஐலி, மண்ணு சரியில்ல, பாறை குறுக்க வந்துச்சுன்னா விலக்குக் குடுக்கலாம். அவங்கவங்க தப்பா அளந்ததுக்குக் குடுக்க வழியில்லடி. உனக்குக் குடுத்தா நாளைக்கு வர்றவனுக்கு என்ன சொல்லுவேன்? தீயின்னு வந்தா அது உன் பேரையும் என் பேரையும் பார்த்தா வரும்?"

கை தூக்கினார்கள். விலக்கு இல்லை என்று ஆயிற்று. தலைவி தன் கையைத் தூக்கும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

வெளியே வந்து பனியில் நின்று ஐலி அழுதாள். அழுகைக்கு நடுவில் செத்துப்போன டிங்கோவையும் விடவில்லை. "இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தானே, வேலி தப்பா நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னானா? வருஷாவருஷம் ஜூன் மாசம் என் ருபார்ப் பணியாரத்தைத் தின்னுட்டு, 'உன் மண்ணு நல்ல மண்ணு ஐலி'ன்னு பல்லைக் காட்டுவான். ஏமாத்திட்டுப் போய்ட்டான் பாவி!"

க்ளைட் பின்னாலேயே வந்து நின்றான். கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஐலி, இடிக்கணும்னு ஒருத்தரும் சொல்லலையே. பத்தடியில இருக்கணும்னுதானே சொன்னாங்க."

"அதுக்கு?"

"ஏரி உறைஞ்சதும் மீன் பிடிக்கிற குடிசைய வருஷாவருஷம் ஐஸ் மேல இழுத்துட்டுப் போறீங்க. இது என்ன, கொஞ்சம் குண்டான குடிசை. அவ்வளவுதானே."

நாங்கள் எல்லாரும் அவனையே பார்த்தோம். விதிப் புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் அவன் தலையில் இல்லை என்று நினைத்திருந்தோம்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்று கேட்டேன்.

"விலக்குக் கிடைச்சுரும்னு நானும் நம்பிட்டு இருந்தேன் இம்பி."

நல்ல உறைபனி விழுந்த வாரக் கடைசியில் வேலை ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையே அடுப்பையும் கற்களையும் வெளியே எடுத்து, புகைபோக்கியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். கொட்டகை போகவேண்டிய பாதையில் பனியை மிதித்துக் கெட்டியாக்கி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்த வேலையை யாரிடமும் விடமாட்டேன். ஐஸ் எப்போது ஒத்துழைக்கும், எப்போது காலை வாரும் என்பது வண்டி ஓட்டினவளுக்குத்தான் தெரியும். காலையில் அது கண்ணாடியாக இருந்தது.

சனிக்கிழமை தெரு முழுக்க வந்தது. ஆளுக்கு ஒரு ஜாக்கி, கயிறு, கடப்பாரை. அடிக்கட்டைகளுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, தோல் உரித்த மரங்கள் இரண்டைச் சறுக்குக் கால்களாகச் செருகினார்கள். ஐலி பெரிய பானையில் மீன் சூப் கொதிக்க வைத்திருந்தாள். ரெய்னோவை நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பளிகளால் சுற்றிப் பின்வாசலில் வைத்திருந்தோம். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த மூக்கு எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் தாழுது! டேய், இடது பக்கம்! சாப்பிடற கையா அது?"

அப்போது க்ளைட் வந்தான். தோளில் ஒரு மண்வெட்டி, கையில் தன் சொந்த ஜாக்கி.

"அதிகாரி ஐயா என்ன இந்தப் பக்கம்?" என்றான் ரெய்னோ.

"இன்னிக்குச் சனிக்கிழமை. அதிகாரி வீட்டுல தூங்கறான். நான் க்ளைட்."

முன்னால் இழுப்பதற்குக் கயிறு போதும். பின்னால் இருந்து உந்தித் தள்ள நீளமான உத்திரங்கள் வேண்டும். அவற்றுக்கு நிலத்தில் முட்டுக் கொடுக்கவேண்டும். கோரின் யாரையும் கேட்காமல் தன் வேலிக் கம்பிகளை அவிழ்த்து இரண்டு கம்பங்களைப் பிடுங்கி, ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்தும் நின்று தள்ள வழிசெய்தாள். முட்டு ஊன்றுவதற்காக க்ளைட் ருபார்ப் பாத்தி ஓரத்தில் பனியை விலக்கித் தோண்டினான். இங்கே பனி சீக்கிரம் மூடிவிடுவதால் அடியில் மண் உறைவதில்லை. மண்வெட்டி 'டொக்' என்றது.

கல் என்று நினைத்தான். பிடுங்கிப் பார்த்தால் தேவதாருக் கட்டையின் அடித்துண்டு. மேலே அழுகி, கீழே கெட்டியாக இருந்தது. ஒரு பக்கம் துருப்பிடித்த கம்பி ஆணி. எட்டடி தள்ளி இன்னொரு இடத்தில் குத்தினான். அங்கேயும் டொக். அதற்கப்புறம் இன்னொன்று. மூன்றும் ஆரஞ்சுக் கொடிக்கு நேர்வரிசையில் இருந்தன.

"வேலிக் கம்பங்க," என்றான் க்ளைட். "பழைய வேலி. சரியா எல்லைக் கோட்டுல."

"அப்ப வேலி முதல்ல இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டாள் கோரின்.

ரெய்னோ கையை நீட்டினான். க்ளைட் கட்டையைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தான். அவன் அந்த ஆணியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான். கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"ஐலி, நாம வந்த முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கா?"

"எது?"

"வண்டிப் பாதையில விழுந்த பனியைப் போட இடமில்லாம, நான் டிங்கோ வேலிமேலயே போட்டேனே. பாரம் தாங்காம வேலி சாஞ்சு போச்சு. அவன் சண்டைக்கு வருவான்னு கோடாலிக் காம்போட நின்னேன். அவன் வந்து பார்த்தான், ஒண்ணும் சொல்லல, போய்ட்டான்."

"ஆமா. கோடையில புது வேலி போட்டான்."

"போட்டான். பழைய கம்பமெல்லாம் உளுத்துப் போச்சு ரெய்னோ, வேலியைப் புதுசாப் போடறேன்னான். நான் மரம் வெட்டப் போயிருந்தேன், திரும்பி வந்தா வேலை முடிஞ்சிருந்துச்சு." கட்டையின் கெட்டியான அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினான். "உளுத்ததுக்காகப் போடல ஐலி. எனக்குப் பனி போட இடம் விட்டுப் போட்டிருக்கான். அவன் நிலத்துக்குள்ள மூணடி தள்ளி. என்கிட்ட சொன்னா நான் வேணாம்னு வீம்பு பண்ணியிருப்பேன், அது அவனுக்குத் தெரியும்."

நான் அந்தத் தெருவில் எத்தனை குளிர்காலம் வண்டி ஓட்டியிருக்கிறேன்! ஒரு வண்டிப் பாதையின் அகலத்துக்காகக் கல்யாண உறவே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். ரெய்னோ வீட்டுக்கும் டிங்கோ வீட்டுக்கும் நடுவில் மட்டும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. ஏன் என்று நான் யோசித்ததே கிடையாது.

ஐலி தன் ருபார்ப் பாத்தியைப் பார்த்தாள். அது முழுக்க அந்தக் கட்டைகளுக்கு அந்தப் பக்கம், டிங்கோவின் மூன்றடிக்குள் இருந்தது. அவளுக்கு முகம் எப்படியோ ஆனது. "அடப்பாவி," என்றாள், "உன் மண்ணு நல்ல மண்ணுன்னியே." அதைச் சொல்லிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"சூப் ஆறுது!" என்று ரெய்னோ கத்தினான். "எல்லாரும் சேர்ந்து நிக்கறதுக்கா வந்தீங்க? இழுங்க!"

இழுத்தோம். பின்னால் உத்திரங்களில் க்ளைட்டும் கோரினும் அவர்களோடு நாலு பேரும் சாய்ந்து தள்ளினார்கள். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு முனகல் கேட்டது, பிறகு கொட்டகை தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. கயிறு பிடித்தவர்கள் பாதிப் பேர் பின்பக்கம் தரையில் பட்டு விழுந்தார்கள். விழுந்தவர்களில் நானும் ஒருத்தி. ரெய்னோ கைதட்டினான், அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

க்ளைட் நாடாவை எடுத்தான். ஒரு முனையை இரும்பு முளையில் பிடிக்கும்படி ஐலியிடம் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறுமுனை கொட்டகைச் சுவரில்.

"பத்தடி. அதுக்கு மேலயே இருக்கு," என்றான். "திங்கக்கிழமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வருவான். கண்டிப்பான ஆளு. அவனும் இதையேதான் சொல்லுவான்னு நினைக்கறேன்."

கூட்டத்தில் குழுத் தலைவியும் இருந்தாள். கையுறையெல்லாம் கயிற்று நார். ஐலி அவளிடம் போய் ஒரு கிண்ணம் சூப்பைக் கொடுத்தாள். அவள் கிண்ணத்தை வாங்கும்போது ஐலி அவள் கையை ஒருமுறை அழுத்தினாள்.

க்ளைட் திங்கள்கிழமை வந்து பார்த்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுப்பு மூட்டினார்கள். எங்கள் ஊரில் முதல் சூடு விருந்தாளிக்கு. ஆண்கள் முறையில் க்ளைட்டை முன்னால் அனுப்பிவிட்டு ரெய்னோ எழுந்தான். நான் தோளைக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தான். அவனே சுவரில் அடித்து வைத்திருந்த கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினான். அதைத் தாண்ட அவனுக்கு நேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்தக் கண்றாவிப் பாட்டு ஆரம்பித்தது. இந்த உலகத்தில் அதைவிட நல்ல பாட்டு இருக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் சிவந்து, ஆவி பறக்க, ஒற்றைக் கோலோடு வந்தான்.

பெண்கள் முறை வந்ததும் ஐலி கோரினைத்தான் முதலில் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். மேல்பலகையில் எங்கள் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேலியைத் திருப்பிக் கட்டணுமே," என்றாள் ஐலி. "நம்ம தெருப் பசங்க வந்து கட்டித் தருவாங்க. முளை வரைக்கும் உனக்குச் சேரவேண்டியது. அங்கயே கட்டிடலாம்."

கோரின் வேண்டாம் என்று தலையசைத்தாள். "நேத்தே ரெண்டு கம்பத்தையும் நட்டுட்டேங்க. சனிக்கிழமை பிடுங்கின அதே குழியிலேயே."

"ஏன்மா?"

"பனி போட உங்களுக்கு இடம் வேணும்ல."

ஐலி அவள் தோளைத் தன் தோளோடு சேர்த்து ஒருமுறை அணைத்துக்கொண்டாள். பிறகு வாளியிலிருந்து கரண்டி நிறையத் தண்ணீர் மொண்டாள். கற்களுக்கு மேலே பிடித்தாள்.

"நல்ல மண்ணு உன்னுதுய்யா, டிங்கோ," என்று சொல்லி ஊற்றினாள்.